எலி புகாத டிரெய்லர்

ப்யூப்ளோ
ஏப்ரல் 9, 2014

மாமா,

போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். இதைக் கிழித்துப் போட்டாலும், கிழிப்பதற்கு முன் ஒரு வரியாவது கண்ணில் படும்.

நேற்று அன்டோனிட்டோவுக்கு வந்திருந்தேன். நெஸ்டரின் குளிர்கோட்டும் தூண்டில் கழிகளும் உங்கள் கிடங்கில் கிடக்கின்றன, எடுத்து வரலாம் என்று. நீங்கள் வீட்டில் இல்லை. கிடங்குக் கதவு சும்மா சாத்தியிருந்தது. கழிகள் சுவரில் இருந்தன, கோட்டு ஆணியில் தொங்கியது. மீன் பிடிக்கப் போனால் அவர் இழுத்துப் போய் உள்ளேயே தங்குவாரே, அந்த டிரெய்லர் மட்டும் இல்லை.

உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில், நெஸ்டர் கடைசியாகக் கொண்டுவந்து நிறுத்திய இடத்திலேயே பத்து மாதமாக நின்ற வண்டி. தரையில் சக்கரத் தடம் புதிதாக இருக்கிறது. அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

உங்கள் மகனை, என் நெஸ்டரை அடக்கம் செய்த அன்று, சாப்பாட்டுப் பந்தியில், அதைக் கொளுத்திவிடுங்கள் என்று உங்களிடம் கேட்டேன். "உங்க எலிதான் அவரைக் கொன்னுச்சு"ன்னு எல்லோர் முன்னாலும் கத்தினேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்ட விஷயம் சரிதான்.

கொளுத்திவிட்டீர்களா? அப்படியென்றால் சாம்பல் எங்கே? இல்லை, யாருக்காவது கொடுத்துவிட்டீர்களா? யாருக்கு?

கோரின்


அன்டோனிட்டோ
ஏப்ரல் 15

கோரினுக்கு,

ஆள் இல்லாத நேரத்தில் ஒருவர் கிடங்குக்குள் நுழைந்துவிட்டு, நுழைந்தேன் என்று தபாலிலும் எழுதித் தெரிவிப்பதை எழுபத்தோரு வயதில் இப்போதுதான் பார்க்கிறேன்.

டிரெய்லர் என் பெயரில் இருந்தது. நானும் உன் அத்தையும் சேர்ந்து வாங்கியது. நெஸ்டருக்கு இரவல்தான் கொடுத்தேன். மார்ச் கடைசியில் விற்றுவிட்டேன். வாங்கினவர்கள் நல்ல மனிதர்கள். உனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்.

எலி எலி என்று நீ சொல்வதால் இதையும் கேட்டுக்கொள். குளிர்காலம் முழுக்க நான் அந்த வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். தண்ணீர்க் குழாய் நுழையும் இடம், காஸ் குழாய் நுழையும் இடம், கரண்டு வயருக்கான மூடி, சக்கரத்துக்கு மேலே தகரம் விலகின இடம், ஒன்றையும் விடவில்லை. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து, மேலே தகரத் துண்டு வைத்துத் திருகாணி முடுக்கினேன். நுரைப் பசையை அடித்துவிட்டுப் போகிற சோம்பேறி வேலை என்னிடம் கிடையாது. அதை எலி கேக்கு மாதிரித் தின்னும். உள்ளே மூலைக்கு மூலை புதினா எண்ணெயில் நனைத்த பஞ்சு வைத்தேன். கடைசியில் விளக்கை உள்ளே எரியவிட்டுக் கதவைச் சாத்தி, கிடங்கை இருட்டாக்கி, எங்கேயாவது வெளிச்சம் கசிகிறதா என்று தவழ்ந்து தவழ்ந்து பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் எலி புகாத டிரெய்லர் ஒன்று இருக்கிறதென்றால் அது நான் விற்றதுதான்.

இன்னொன்று. நான் பிறந்ததே கிழங்குக் கிடங்குக்குப் பக்கத்து அறையில். என் அப்பா, சித்தப்பாமார், நாங்கள் எல்லோரும் எலிப் புழுக்கையைக் கையால் ஒதுக்கிவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்து ரொட்டி தின்றவர்கள். ஒருத்தரும் சாகவில்லை. என் மகன் நிமோனியாவில் போனான். அவனை உன் ஊரில், அவன் அம்மாவின் கல்லறைக்கு நூற்றைம்பது மைல் தள்ளிப் புதைத்தாய். அதற்குப் பிறகு நமக்குள் பேச ஒன்றும் மீதி இல்லை.

கோட்டையும் கழிகளையும் அனுப்பி வைக்கிறேன். நீ வர வேண்டாம்.

எலோய் மாயெஸ்தாஸ்


ப்யூப்ளோ
ஏப்ரல் 19

மாமா,

நிமோனியா என்று பேப்பரில் போட்டது நீங்கள். டாக்டர்கள் சொன்னது ஹான்டா. ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனீர்கள். நான்தான் மீதியைக் கேட்டேன். அந்த மீதியைத்தான் இப்போது எழுதுகிறேன், தயவுசெய்து படியுங்கள்.

எல்லா எலிக்கும் அந்த நோய் இல்லை. பெரிய கண்ணும் வெள்ளை வயிறுமாக ஒரு காட்டெலி இருக்கிறதே, அதில் சிலவற்றுக்கு இருக்கும். அதன் மூத்திரமும் புழுக்கையும் காய்ந்து தூசியாகி, அந்தத் தூசி மூச்சில் ஏறினால் மனிதனுக்கு வருகிறது. கிடங்கு திறந்த இடம், காற்று அடித்துக்கொண்டு போய்விடும். டிரெய்லர் அடைத்த பெட்டி. உங்கள் சித்தப்பாமார் தப்பித்ததற்கும் நெஸ்டர் தப்பிக்காததற்கும் வித்தியாசம் அவ்வளவுதான். உடனே காட்டவும் காட்டாது. வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. அப்புறம் சாதாரணக் காய்ச்சல் மாதிரி வரும்.

நீங்கள் ஓட்டையை எல்லாம் அடைத்தீர்கள், சரி. உள்ளே ஏற்கெனவே கிடந்த குப்பையை என்ன செய்தீர்கள்? துடைப்பத்தால் பெருக்கினீர்களா, பிளீச்சிங் தண்ணீர் தெளித்து ஊறவிட்டுத் துடைத்தீர்களா?

வாங்கினவர்கள் எத்தனை பேர்? அதிலேயே குடியிருக்கிறார்களா? விஷயம் அவர்களுக்குத் தெரியுமா?

மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குப் போன் பண்ணினேன். வண்டி எங்கே நிற்கிறது, யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் எங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்டார்கள். விற்றவரைக் கேளுங்கள் என்றார்கள். கேட்கிறேன்.

கோரின்


அன்டோனிட்டோ
ஏப்ரல் 27

கோரினுக்கு,

அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். என் வீட்டு விஷயத்தில் அரசாங்கத்தை இழுத்துவிட்டாய். வண்டி டெக்சாஸ் பக்கம் போய்விட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். பொய்தான். உன்னால் சொன்ன பொய்.

வண்டி எங்கேயும் போகவில்லை. சவாச் பக்கம் வெறும் நிலத்தில் நிற்கிறது. டாரல் என்று ஒரு பையன், வயலில் தண்ணீர் தெளிக்கும் எந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். அவன் பெண்டாட்டி மரிசெல். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். நிலத்தை வாங்கிவிட்டு, வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் வைத்துத் தாங்களே வீடு கட்டுகிறார்கள். வீடு முடிகிற வரைக்கும் டிரெய்லரில் குடித்தனம். அந்தப் பெண் எனக்கு ஒரு கார்டு எழுதியிருந்தாள். சுற்றிலும் வைக்கோல், அக்கம்பக்கத்தில் எல்லோரும் எலித் தொல்லை என்று அழுகிறார்கள், எங்கள் வண்டியில் மட்டும் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை, உங்கள் கைக்கு நன்றி என்று எழுதியிருக்கிறாள். அதை அடுப்பங்கரையில் ஒட்டி வைத்திருக்கிறேன். இந்த வருஷத்தில் யாரும் எனக்கு எழுதின நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

பெருக்கினேனா துடைத்தேனா என்று கேட்கிறாய். பெருக்கினேன். தும்மினேன். இதோ உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நான் போய் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்ல வேண்டும் என்கிறாய்? அம்மா, நீ படுத்திருக்கிற கட்டிலில் என் மகன் படுத்தான், அதனால் செத்தான் என்றா? அப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அவன் அதை எடுத்துக்கொண்டு போனது என் கிடங்கிலிருந்து. "எல்லாம் சரியா இருக்குடா, எடுத்துட்டுப் போ"ன்னு சாவியைக் கையில் கொடுத்தது யார் என்பதும் உனக்குத் தெரியும்.

இனி எழுதாதே.

எ. மாயெஸ்தாஸ்


ப்யூப்ளோ
மே 1

மாமா,

ஒரே ஒரு விஷயம்.

போன ஜூனில் நெஸ்டர் பிளாட்டோரோ ஏரிக்குப் போய் முதல் நாள் தங்கியபோது எனக்குப் போன் பண்ணினார். மேலே குளிர் நடுக்குகிறது, ஹீட்டரைப் போட்டேன், முடி கருகின மாதிரி நாற்றம் வருகிறது என்றார். "எங்கப்பா வண்டி, அவரோட சாக்ஸ் நாத்தமா இருக்கும்"னு சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

ஹீட்டர் காற்றை எங்கிருந்து ஊதுகிறது? சோபாவுக்கு அடியில் துளை போட்ட ஒரு தகர மூடி இருக்கிறது, அதற்குப் பின்னால் தகரக் குழாய், நீளமாகப் படுக்கை வரை போகிறது. சூடாக, இருட்டாக, யாரும் கை வைக்காத இடம். நான் எலியாக இருந்தால் அங்கேதான் பிள்ளை பெறுவேன்.

அதைத் திறந்து பார்த்தீர்களா?

அடியில் படுத்து எல்லாவற்றையும் அடைத்தீர்கள். உள்ளே உட்கார்ந்து அந்த மூடியைக் கழற்றினீர்களா? சவாச்சில் இப்போதும் ராத்திரி உறைகிற குளிர். அவர்கள் தினமும் ஹீட்டர் போடுவார்கள்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவர்களிடம் போய்ப் பேசுங்கள்.

கோரின்


ப்யூப்ளோ
மே 11

மாமா,

பத்து நாளாகிவிட்டது. சவாச் பக்கம் வைக்கோல் வீடு கட்டுகிற டாரல் என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டேன். ஆள் அனுப்ப ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். நான் பள்ளி பஸ் ஓட்டுகிறேன், சனிக்கிழமைக்கு முன்னால் கிளம்ப முடியாது. சனிக்கிழமை நானே சவாச் வந்து வீடு வீடாகக் கேட்டுக் கண்டுபிடிப்பேன். அதற்கு முன்னால் நீங்கள் போய்விட்டால் நல்லது. நான் சொன்னால் அவர்களுக்கு யாரோ ஒரு பைத்தியக்காரி. நீங்கள் சொன்னால் நம்புவார்கள்.

கோரின்


அல்புகர்க்கி
மே 16

கோரின்,

ஆஸ்பத்திரி சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதம் இவர்களுடையது, பின்பக்கத்தில் சூப் விலை இருக்கும், கண்டுகொள்ளாதே. போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

சவாச்சுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் போனேன். அவர்களை எச்சரிக்கப் போனேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு திருப்புளியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போனேன். அந்த மூடியைக் கழற்றிப் பார்ப்பது, உள்ளே சுத்தமாக இருக்கும், அதை உனக்கு எழுதி உன் வாயை அடைப்பது. அதுதான் என் எண்ணம்.

டாரல் வெளியே நின்று கேனிலிருந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டிக்கு மூன்று நாளாக ஃப்ளூ என்றான். உள்ளே அந்தப் பெண் இரண்டு கம்பளிக்கு அடியில் சுருண்டு கிடந்தாள். தொடையும் முதுகும் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கிறது என்றாள். நெஸ்டர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தொடையைப் பிடித்துக்கொண்டது எனக்கு ஞாபகம் வந்தது. அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. ஹீட்டரைப் பார்க்க வந்தேன் என்றேன்.

டாரல் சொன்னான், "ஹீட்டர் நல்லாத்தான் ஓடுது ஐயா. தெனம் போடுறோம். மொதல்ல கொஞ்ச நாள் ஒரு மாதிரி நாத்தம். அப்புறம் பழகிப்போச்சு."

மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன். குழாய் முழுக்கக் கூடு. மெத்தைப் பஞ்சு, காகிதம், நெஸ்டரின் பச்சைக் கம்பளிக் காலுறையிலிருந்து உருவின நூல். எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளையாக, நான் மூலைக்கு மூலை வைத்த பஞ்சு. அதில் புதினா வாசனை இன்னும் இருந்தது. அதை இழுத்து வந்து பிள்ளைகளுக்குப் படுக்கை போட்டிருக்கிறது. நடுவில் தாயும் குட்டிகளும் காய்ந்து சருகாகிக் கிடந்தன. வெள்ளை வயிறு.

குளிர்காலத்தில் நான் அடியில் படுத்துத் திருகாணி முடுக்கினபோது அவை உள்ளேதான் இருந்திருக்கின்றன. நான் அடைத்தது அவை வெளியே போகிற வழியை.

மூடியை அப்படியே வைத்து அழுத்தினேன். இரண்டு பேரும் வெளியே வாருங்கள், இப்போதே என்றேன். எலி விஷயம் என்றேன். அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை.

"எலியா? நீங்கதானே ஐயா சொன்னீங்க, ஒண்ணுகூட நுழையாதுன்னு."

"நுழையலம்மா," என்றேன். "உள்ளேயே இருந்திருக்கு."

என் பிக்கப்பிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர். நெஞ்சில் வைத்துக் கேட்டான், தொண்டையைப் பார்த்தான். ஊரெல்லாம் ஃப்ளூ, நிறையத் தண்ணீர் குடிக்கட்டும், வீட்டில் ஓய்வு எடுக்கட்டும் என்றான். போன வருஷம் நெஸ்டருக்கும் இதையே சொன்னார்கள். அன்றைக்கு நானும்தான் தலையாட்டினேன். டாரல் அவளுக்குக் கோட்டு மாட்ட ஆரம்பித்தான்.

ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்றேன். நீங்கள் நோயாளிக்கு என்ன உறவு என்று டாக்டர் கேட்டான்.

"ஒரு உறவும் இல்ல. இவங்களுக்கு டிரெய்லரை வித்தவன். போன வருஷம் அதுலதான் என் பிள்ளை படுத்தான். இதே காய்ச்சல். ஃப்ளூன்னு வீட்டுக்கு அனுப்பினாங்க. மூச்சு முட்டிச் செத்துப்போனான். எலியிலேருந்து வந்தது. ஹான்டா."

கோரின், அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. டாரல் கோட்டைக் கையில் பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். ரத்தத்தில் ஏதோ ஒரு அணு பாதாளத்துக்கு இறங்கியிருந்ததாம். ஹெலிகாப்டர் வரவழைத்தார்கள். வெயில் இருக்கும்போதே அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. டாரலும் நானும் பிக்கப்பில் பின்னால் வந்தோம். நான்கு மணி நேர ஓட்டம். நடுவில் காப்பி வாங்கிக் கொடுத்தேன். குடித்தான்.

இங்கே வந்து சேர்வதற்குள் அவளுக்கு மூச்சு நின்றுவிடும் போல ஆகிவிட்டதாம். இப்போது ரத்தத்தை வெளியே எடுத்து, மூச்சு ஏற்றித் திரும்ப உடம்புக்குள் அனுப்புகிற எந்திரத்தில் வைத்திருக்கிறார்கள். பிழைப்பாளா என்று கேட்டேன். இன்னும் ஒரு நாள் கழித்து வந்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை என்றார் பெரிய டாக்டர்.

எலோய்


ப்யூப்ளோ
மே 19

மாமா,

சனிக்கிழமை சவாச்சுக்குப் போனேன், டிரெய்லர் பூட்டிக் கிடந்தது, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னார்கள். உங்கள் கடிதம் இன்று காலையில் வந்தது. பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு, டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

நான் சொன்னது சரியாகப் போனதில் எனக்குக் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை. தப்பாகப் போயிருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைத்தேன். குழாய் காலியாக இருந்தது, நீ ஒரு முட்டாள் என்று நீங்கள் எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

அந்தக் காலுறை நான் பின்னியது.

இப்போது நான் கேட்பதற்குப் பொய் சொல்லாமல் பதில் சொல்லுங்கள். மூடியைக் கழற்றும்போது முகத்தில் ஏதாவது கட்டியிருந்தீர்களா? கட்டியிருக்க மாட்டீர்கள். டார்ச்சோடு முகத்தை உள்ளே நீட்டியிருப்பீர்கள், எனக்குத் தெரியும். கிடங்கில் பெருக்கினது வேறு. ஜூன் கடைசி வரைக்கும் உங்களுக்கு லேசாக உடம்பு சுட்டாலும், தொடை வலித்தாலும், வயலில் வேலை செய்த அசதி என்று படுத்துவிடாதீர்கள். அந்த டாக்டர்களிடம் இன்றைக்கே போய் உங்கள் பெயரையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். தனியாக இருக்கிற மனிதர் நீங்கள். ஒரு நாள் கதவு திறக்கவில்லையென்றால் கேட்க ஆள் இல்லை.

அந்தப் பெண் பிழைத்தால் உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் போய்விடுமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவள் பிழைக்கட்டும்.

நீங்கள் அங்கே சாப்பிடுகிறீர்களா?

கோரின்


அன்டோனிட்டோ
ஜூன் 29

கோரின்,

ஜூன் முடியப்போகிறது. காய்ச்சல் இல்லை. தொடை வலித்தது ஒரு நாள். டாக்டரிடம் போனேன், வேலி போட்ட வலி என்று திருப்பி அனுப்பினார்கள். ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று அங்கேயும் சண்டை போட்டேன். எடுத்தார்கள். ஒன்றும் இல்லை.

நீ அல்புகர்க்கிக்கு வந்ததை டாரல் அப்புறம்தான் சொன்னான். நான் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தேனாம். பச்சை மிளகாய்க் குழம்பை ஒரு பாத்திரத்தில் வைத்துவிட்டு, எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாயாம். அந்தப் பெண் எந்திரத்தில் கிடந்ததைக் கண்ணாடி வழியாக நீ ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றதாகவும் சொன்னான். பாத்திரம் என்னிடம் இருக்கிறது.

எந்திரத்திலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். நடக்கிறாள். இரண்டு படி ஏறினால் உட்கார வேண்டியிருக்கிறது, வருஷக்கடைசிக்குள் சரியாகிவிடும் என்கிறார்கள். அவள் அம்மா வீட்டில் இருக்கிறார்கள். டிரெய்லரை அலுவலகத்து ஆட்கள் வந்து, முழுக் கவசம் போட்டுக்கொண்டு, உள்ளும் புறமும் மருந்துத் தண்ணீரில் ஊறவைத்தார்கள். அப்புறம் குப்பைக் கிடங்குக்கு நானே இழுத்துக்கொண்டு போனேன். புல்டோசர் ஒரே மிதியில் அதைத் தட்டையாக்கியது. நான் எவ்வளவு கெட்டியாகத் தகரம் அடித்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. மற்றதெல்லாம் சிதறிப்போயும் அந்தத் துண்டுகள் மட்டும் கழன்று வரவில்லை.

அங்கே நிற்கும்போதுதான் டாரல் என்னிடம் அதைக் கேட்டான். "ஏன் முன்னாடியே சொல்லலை?"

எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். "உன்கிட்டச் சொன்னா எனக்கே நான் சொல்லிக்கிட்ட மாதிரி ஆயிடும்டா."

அவன் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். வண்டியில் ஏறும்போது வைக்கோல் சுவருக்கு அடியில் எலி வராமல் இருக்க என்ன போடலாம் என்று கேட்டான். கம்பி வலையை மண்ணுக்குள் ஒரு முழம் இறக்கிக் கட்டு, ஆனால் கட்டுவதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறதென்று ஒவ்வொரு வைக்கோல் கட்டையும் பிரித்துப் பார் என்றேன். அடுத்த வாரம் இரண்டு பேருமாகப் பார்க்கப் போகிறோம். மாஸ்க் போட்டுக்கொண்டுதான். நீ கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

பேப்பர்காரனுக்கும் ஒரு கடிதம் போட்டேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் வந்த மரணச் செய்தியை எல்லாம் திருத்துவதில்லை என்றான். அப்படியானால் புதிதாகப் போடு, பணம் கட்டுகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை வரும். நோயின் பெயரும் எப்படி வந்தது என்பதும் அதில் இருக்கும். அவனைப் புதைத்த இடத்தைப் பற்றி நான் எழுதினதை எல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. அவன் உன்னோடு வாழ்ந்த ஊர் அது.

இந்தக் கடிதம் எழுதக் காரணம் வேறு. போன ஞாயிற்றுக்கிழமை மரிசெல் என் வீட்டுக்கு வந்தாள். டாரல் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து உட்கார வைத்தான். எதற்காக வந்தாள் என்று எனக்குப் புரியவில்லை. திட்டப் போகிறாள் என்று நினைத்து நின்றுகொண்டே இருந்தேன். உட்காருங்கள் என்று அவள்தான் சொன்னாள்.

"உங்க பையன் எப்படிப்பட்ட ஆளு?" என்றாள். "அவருக்கு நடந்ததைச் சொன்னதாலதான் என்னைக் காப்பாத்தினாங்கன்னு டாரல் சொன்னான். எனக்கு அவரைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்தேன். குழந்தையாக இருந்தபோது பேச்சு தாமதமாக வந்தது, பள்ளிக்கூடத்தில் மல்யுத்தம், பதினாறு வயதில் என் டிராக்டரை வாய்க்காலில் இறக்கினது, எல்லாம் சொன்னேன். அவள் சிரித்தாள், சிரித்தால் மூச்சு வாங்குகிறது, ஆனாலும் சிரித்தாள். "அப்புறம்?" என்றாள். அப்புறம் அவன் ப்யூப்ளோவுக்குப் போனான், உன்னைக் கட்டிக்கொண்டான். அங்கே எனக்குக் கதை நின்றுவிட்டது. அவன் காலையில் என்ன சாப்பிடுவான், எதற்குக் கோபப்படுவான், உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவான், ஒன்றும் தெரியவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து வண்டியை வாங்கிக்கொண்டு மீன் பிடிக்கப் போவான், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

என் மருமகளைக் கேட்டால் தெரியும் என்றேன். வருகிற ஞாயிறும் அவள் வருகிறாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு. நீயும் வந்தால் மீதியைச் சொல்லலாம். நானும் உட்கார்ந்து கேட்பேன்.

மாமா